எஞ்சாத காட்சிகள்: கால்பந்து ஒளிபரப்பின் தொடக்கக் காலம்

1938 ஏப்ரல் 9, சனிக்கிழமை. இலண்டன் வெம்ப்லி அரங்கில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதின. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே டாமி வாக்கர் ஒரு கோல் அடித்தார். அதன்பின் இருதரப்பிலும் எவரும் அடிக்கவில்லை, ஸ்காட்லாந்து வென்றது. அரங்கில் தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடியிருந்தனர். அரங்குக்கு வராத சில ஆயிரம் பேரும் அதே வேளையில் அதே ஆட்டத்தைக் கண்டுகொண்டிருந்தனர். இரு நாடுகளுக்கிடையிலான கால்பந்தாட்டம் ஒன்று தொடக்கம் முதல் இறுதிவரை நேரடியாகத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது அதுவே முதன்முறை என்பது பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி.

வென்றவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள்; வீட்டிலிருந்து பார்த்தவர்களோ இலண்டன்வாசிகள். பி.பி.சி.யின் ஒரே ஒளிபரப்புக் கோபுரம் வட இலண்டனில் அலெக்சாண்ட்ரா பேலஸ் மாளிகையின் மேல் நின்றது. அதன் வீச்சு நகரத்தையும் சுற்றுப்புறத்தையும் தாண்டாது. ஸ்காட்லாந்தின் சொந்த மண்ணில் தொலைக்காட்சி அலை முதலில் எட்டியது 1952 மார்ச்சில், கர்க் ஓ ஷாட்ஸ் கோபுரம் எழுந்த பிறகு. ஆக, தோற்ற ஊர்க்காரர்கள் தம் தோல்வியைக் கண்ணால் கண்டார்கள். வென்ற ஊர்க்காரர்கள் வெற்றியைக் காதால் கேட்டார்கள், மறுநாள் செய்தித்தாளில் படித்தார்கள்.

இலக்கியம் பேசும் இடத்தில் கால்பந்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். நம் ஆர்வம் ஆட்டத்தைவிட அதன் பதிவைப் பற்றியது. ஓலைச்சுவடிகளைச் செல்லுக்கும் ஆற்றுக்கும் நெருப்புக்கும் கொடுத்துவிட்டு, எஞ்சியதைக் கொண்டு இலக்கிய வரலாறு எழுதுகிற மொழியைச் சேர்ந்தவர்கள் நாம். இருபதாம் நூற்றாண்டின் நடுவில், மின்சாரமும் காமிராவும் வந்துவிட்ட பிறகும், இலட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கண்ட காட்சி அப்படியே இல்லாமற்போகும் என்பதை நம் மனம் எளிதில் ஏற்பதில்லை. ஆனால் கால்பந்து ஒளிபரப்பின் முதல் பத்தொன்பது இருபது ஆண்டுகளின் கதை பெரும்பாலும் அதுதான். அன்றைய தொலைக்காட்சி காட்டியது, வைத்துக்கொள்ளவில்லை.

பி.பி.சி.யின் தொலைக்காட்சிச் சேவை 1936 நவம்பர் 2 அன்று தொடங்கியது. ஒரு பெட்டியின் விலை ஏறத்தாழ 100 பவுண்டு. அந்தப் பணத்துக்கு அங்கே சிறிய கார் ஒன்று வாங்கலாம். திரையோ ஒரு நோட்டுப்புத்தகத்தை விரித்து வைத்த அளவு. அதில் 405 கிடைக்கோடுகளால் ஆன சாம்பல்நிறப் படம் நடுங்கிக்கொண்டு தெரியும். 1937 செப்டம்பர் 16 அன்று ஆர்செனல் சங்கத்தின் ஹைபரி மைதானத்தில் அச்சங்கத்தின் முதல் அணியும் அதன் மாற்று அணியும் ஒளிபரப்புக்கென்றே தமக்குள் ஆடிக்காட்டின. ஹைபரியைத் தேர்ந்ததற்கு ஆர்செனலின் புகழ் மட்டும் காரணமன்று. அது அலெக்சாண்ட்ரா பேலஸுக்குச் சில மைல் தொலைவிலேயே இருந்தது. அந்த ஒத்திகைக்கு ஏழு மாதம் கழித்து வந்ததுதான் வெம்ப்லி ஆட்டம். அதற்கு மூன்று வாரம் கழித்து, ஏப்ரல் 30 அன்று, பிரெஸ்டனும் ஹடர்ஸ்ஃபீல்டும் மோதிய எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டமும் ஒளிபரப்பாயிற்று. கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடத்தில் ஒரு பெனால்டி கோலால் அது முடிவடைந்தது.

ஜெர்மனி வேறொரு வழியில் சென்றது. 1936 பெர்லின் ஒலிம்பிக் போட்டிகளை அந்நகர மக்கள் பொதுக்கூடங்களில் கூடித் தொலைக்காட்சியில் பார்த்தனர். அங்கே தொலைக்காட்சி அரசின் பெருமையைப் பறைசாற்றும் கருவி. இங்கிலாந்தில் அது வசதிபடைத்தோர் வீட்டு விந்தை. இரண்டையும் போர் நிறுத்தியது. 1939 செப்டம்பர் 1 அன்று அலெக்சாண்ட்ரா பேலஸ் மௌனமானது. மறுபடி பேசியது 1946 ஜூன் 7 அன்று.

போருக்கு முந்தைய அந்த நேரடி ஒளிபரப்புகளில் ஒன்றைக்கூட இன்று பார்க்க முடியாது. பதிவுசெய்யும் வழியே அப்போது இல்லை. 1947-இல்தான் ஓர் உபாயம் கைகூடியது: ஒளிரும் திரையின் முன் ஒரு திரைப்படக் காமிராவை நிறுத்திப் படச்சுருளில் பிடிப்பது. செலவு மிகுந்த முறை அது. அவ்வாண்டு நவம்பரில் நடந்த இளவரசி எலிசபெத்தின் திருமணத்துக்கு அந்த மரியாதை கிடைத்தது. சனிக்கிழமை ஆட்டத்துக்கு யார் சுருளைச் செலவிடுவார்கள்? காந்த நாடாவில் படம் பதியும் இயந்திரத்தை அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் 1956-இல்தான் வெளியிட்டது. அதற்கு முன்பே கால்பந்தின் மிகப்பெரிய ஒளிபரப்பு நடந்து முடிந்துவிட்டது.

அது 1954 உலகக் கோப்பை. அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஐரோப்பிய ஒலிபரப்புச் சங்கம் 1954 கோடையில் ஒரு துணிச்சலான சோதனையில் இறங்கியது. சுவிட்சர்லாந்தின் மார்செல் பெஸாங்சோன் அதற்குப் பெரிதும் உழைத்தவர். பிரிட்டன், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, டென்மார்க், சுவிட்சர்லாந்து ஆகிய எட்டு நாடுகளின் தொலைக்காட்சிகளை ஒன்றாக இணைத்து, ஓரிடத்துக் காட்சியை எல்லா இடத்திலும் ஒரே கணத்தில் காட்டுவது திட்டம். ஒன்பது ஆண்டுகளுக்கு முன்புவரை இவற்றுள் சில நாடுகள் ஒன்றன்மேல் ஒன்று குண்டு பொழிந்துகொண்டிருந்தன என்பதை மறக்கலாகாது. ஜூன் 6 அன்று மோந்த்ரூ நகரின் மலர்த் திருவிழாவோடு தொடங்கி, அன்று மாலையே வத்திக்கானிலிருந்து போப்பாண்டவரின் உரைக்குச் சென்றது இணைப்பு. மலரும் மதமும் முடிந்து பத்தாம் நாள் கால்பந்து வந்தது. உலகக் கோப்பையின் ஒன்பது ஆட்டங்கள் நேரடியாக ஒளிபரப்பாயின.

எட்டு நாடுகளை இணைப்பதில் மொழியைவிடப் பெரிய தடையாக இருந்தது கோடு. பிரிட்டனின் படம் 405 கோடு. பிரான்ஸின் படம் 819 கோடு. ஏனைய பலவற்றில் 625 கோடு. ஒரு நாட்டின் படத்தை இன்னொரு நாட்டின் பெட்டி படிக்காது. பொறியாளர்கள் கண்ட தீர்வு வியப்பளிக்கும் அளவுக்கு எளிமையானது. வந்த படத்தை ஒரு திரையில் ஓடவிட்டு, அதன் முன்னே உள்நாட்டுக் காமிராவை நிறுத்தி மறுபடி படம்பிடித்து அனுப்பினார்கள். மூலத்தைப் பார்த்து மொழிபெயர்த்ததைப் பார்த்து மறுபடி மொழிபெயர்ப்பதுபோல. மொழிபெயர்ப்பில் தேய்மானம் உண்டென்பது நமக்குத் தெரியும். அந்தப் படங்களும் தேய்ந்துதான் போய்ச் சேர்ந்தன.

மேற்கு ஜெர்மனியில் அவ்வாண்டுத் தொடக்கத்தில் இருந்த தொலைக்காட்சிப் பெட்டிகள் 12 ஆயிரத்துக்கும் குறைவு. பிரிட்டனிலோ முந்தைய ஆண்டின் முடிசூட்டு விழாவுக்குப் பிறகு உரிமம் பெற்ற பெட்டிகள் 30 இலட்சத்தைத் தாண்டியிருந்தன. தம் அணி ஒவ்வொரு சுற்றாக முன்னேற முன்னேற ஜெர்மானியர்கள் மதுக்கடைகளிலும் வானொலிக் கடைகளின் கண்ணாடிச் சன்னல்களுக்கு வெளியேயும் கூடினார்கள். ஓராண்டு முடிவில் அந்நாட்டின் பெட்டிகள் 84 ஆயிரமாகியிருந்தன. இந்தப் பெருக்கத்துக்குக் கால்பந்து ஒன்றே காரணம் என்று சொல்வது மிகை. ஆனால் கடைக்காரர்களைக் கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

ஜூலை 4, ஞாயிற்றுக்கிழமை, பெர்ன் நகரின் வாங்க்டார்ஃப் அரங்கு. மழை. எதிரே ஹங்கேரி. நான்காண்டுகளாகத் தோல்வி அறியாத அணி; முந்தைய நவம்பரில் வெம்ப்லியிலேயே இங்கிலாந்தை 6-3 என்று வென்ற அணி; இதே போட்டியின் முதற்கட்டத்தில் இதே மேற்கு ஜெர்மனியை 8-3 என்று நசுக்கிய அணி. எட்டு நிமிடத்துக்குள் புஷ்காஷும் சிபோரும் ஆளுக்கொரு கோல் அடித்துவிட்டார்கள். அடுத்த பத்து நிமிடத்தில் மோர்லாக்கும் ரானும் அதைச் சமன்செய்தார்கள். 84-ஆம் நிமிடம் ஹெல்முட் ரான் இடக்காலால் அடித்தது மூன்றாவது கோல். முடிய இரண்டு நிமிடம் இருக்கையில் புஷ்காஷ் பந்தை வலைக்குள் செலுத்தினார். கோட்டு நடுவர் கொடி உயர்த்தினார். ஆஃப்சைடு என்று அது தள்ளுபடியாயிற்று. மேற்கு ஜெர்மனி 3-2 என்று வென்றது.

அன்று அந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சிக்கு வர்ணித்த ஜெர்மானியர் பெர்ன்ஹார்ட் எர்ன்ஸ்ட். இன்று ஜெர்மனியில் யாரும் அவர் குரலை நினைவுகூர்வதில்லை. அந்த ஒளிபரப்பு முழுமையாக எங்கும் எஞ்சவில்லை. நினைவில் நிற்பது வானொலிக்கு வர்ணித்த ஹெர்பர்ட் ஸிம்மர்மனின் குரல். ஒலி நாடாவில் பதிந்த அக்குரல் தப்பிப் பிழைத்தது. தனியே திரைப்படக் காமிராக்களில் எடுத்த துண்டுகளும் பிழைத்தன. பிற்காலத்தில் அத்துண்டுகளின்மேல் ஸிம்மர்மனின் குரலை ஏற்றிக் காட்டினார்கள். மீண்டும் மீண்டும் காட்டினார்கள். தொலைக்காட்சியில் ஒருபோதும் ஒளிபரப்பாகாத அந்தக் கலவையையே, தாம் 1954-இல் கண்ட ஒளிபரப்பு என்று ஒரு நாடு நம்பத் தொடங்கிவிட்டது.

நேர்முக வர்ணனை என்றதும் நம்மவர்கள் சஞ்சயனை அழைத்துவருவது வழக்கம். அது சலித்துப்போன உவமைதான். ஆனால் இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. களத்தைக் கண்டவன் சஞ்சயன். திருதராட்டிரனுக்குக் கிடைத்தது சொல் மட்டும். வியாசர் நமக்கு விட்டுச்சென்றதும் அந்தச் சொல்லைத்தான். பெர்னிலும் கண் அழிந்தது, சொல் நின்றது.

அந்தச் சொல் இலக்கியத்துக்கும் திரைக்கும் சென்ற விதத்தைக் கவனிக்க வேண்டும். ஃபாஸ்பிண்டரின் 'மரியா பிரௌனின் திருமணம்' (1979) படத்தின் இறுதிக் காட்சியில் வானொலியில் ஓடிக்கொண்டிருப்பது ஸிம்மர்மனின் அதே வர்ணனை. நாடு வாகை சூடியதாக அவர் கூவுகையில் கதாநாயகியின் வீடு வெடித்துச் சிதறியிருக்கிறது. போருக்குப் பிந்தைய ஜெர்மனியின் செழிப்பைப் பற்றி இதைவிடக் கசப்பான காட்சியை எவரும் எடுத்ததில்லை என்பது நம் கருத்து. ஃப்ரீட்ரிஷ் கிறிஸ்டியான் டெலியஸ் 1994-இல் எழுதிய கதையில் பாதிரியாரின் மகனான சிறுவன் ஒருவன் தந்தையின் அறையில் அமர்ந்து அந்த ஞாயிற்றுக்கிழமை வர்ணனையைக் கேட்கிறான். அங்கும் வானொலிதான். பெட்டியின் முன் அமர்ந்து ஆட்டத்தைக் கண்டவனை நாயகனாக்க அவ்விருவருக்கும் தோன்றவில்லை. ஸோங்க வோர்ட்மன் 2003-இல் 'பெர்னின் அதிசயம்' என்னும் படத்தில் அந்த ஆட்டத்தை நடிகர்களைக் கொண்டு மறுபடி ஆடவைத்தார். காட்சி எஞ்சியிருந்தால் அந்தப் பாடு தேவைப்பட்டிருக்காது.

தோற்ற ஹங்கேரியின் நிலை இன்னும் விசித்திரம். அங்கே முறையான தொலைக்காட்சிச் சேவை 1957-இல்தான் தொடங்கியது. புடாபெஸ்ட் நகரம் அந்த இறுதியாட்டத்தை ஜியோர்ஜ் ஸெபெஷியின் வானொலிக் குரல் வழியாகவே அறிந்தது. அணியின் பன்னிரண்டாம் ஆட்டக்காரர் என்று மக்கள் கொண்டாடிய வர்ணனையாளர் அவர். புஷ்காஷின் கடைசி கோல் செல்லாது என்ற செய்தியும் அக்குரலில்தான் வந்தது. அன்றிரவு மக்கள் கோபத்துடன் வீதிக்கு வந்தார்கள். அது நியாயமான கோலா அல்லவா என்பதை எஞ்சிய படத்துண்டுகளைக் கொண்டு இன்றுவரை ஐயமறத் தீர்க்க முடியவில்லை. எட்டு நாடுகள் பார்த்த ஒரு நிகழ்வுக்குப் போதிய கண்சாட்சி இல்லை.

இதே காலத்தில் சங்கங்களின் நிர்வாகிகளுக்கு வேறொரு கவலை. வீட்டிலேயே ஆட்டம் தெரிந்தால் நுழைவுச்சீட்டை யார் வாங்குவார்கள் என்பது அது. பெரிய ஆட்டம் ஒளிபரப்பாகும் அதே பிற்பகலில் சிறிய ஊர்களில் நடக்கும் ஆட்டங்களுக்கு ஆளில்லாமற்போகும் என்றும் அஞ்சினர். அந்த அச்சத்தில் நியாயம் இருந்தது. ஆனால் 1960 மே 18 அன்று கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க்கில் ரியல் மாட்ரிட் ஐன்ட்ராக்ட் ஃப்ராங்ஃபர்ட்டை 7-3 என்று வென்ற ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம் நாடுகள் பலவற்றில் நேரடியாக ஒளிபரப்பானபோது, அரங்கினுள்ளும் 1,27,000-க்கு மேற்பட்டோர் இருந்தனர். அந்த ஆட்டம் பதிவாகி நிலைத்திருப்பது நம் பேறு. புஷ்காஷ் அன்று நான்கு கோல் அடித்தார். இந்த முறை காமிரா மறக்கவில்லை.

கடல் மட்டும் தடையாக நின்றது. 1958-இல் சுவீடனில் பதினேழு வயதுப் பெலே ஆடியதை ஐரோப்பா தொலைக்காட்சியில் கண்டது; பிரேசில் வானொலியில் கேட்டது. 1962-இல் போட்டி சிலி நாட்டுக்குச் சென்றபோது ஐரோப்பாவின் முறை வந்தது. படச்சுருள்கள் விமானமேறி வந்து சேர இரண்டு மூன்று நாள் ஆயிற்று. முடிவு செய்தித்தாளில் வந்த பிறகு ஆட்டத்தைப் பார்த்தார்கள். கூத்துப் பார்ப்பவர்க்கு அபிமன்யு மடிவான் என்பது முன்பே தெரியும். அதனால் கூத்துக் கெடுவதில்லை. சிலிக்கும் இத்தாலிக்கும் சான்டியாகோவில் நடந்த அடிதடி ஆட்டத்தை பி.பி.சி. காட்டியபோது, அதன் தொகுப்பாளர் டேவிட் கோல்மன் முன்னுரையிலேயே அதைக் கடுமையாகக் கண்டித்துவிட்டுத்தான் திரையை விலக்கினார். அவ்வகையில் அதுவும் கட்டியங்காரன் வேலைதான். அந்த உலகக் கோப்பை ஜூன் 17-இல் முடிந்தது. கண்டங்களுக்கிடையே தொலைக்காட்சிப் படத்தைக் கடத்திய டெல்ஸ்டார் செயற்கைக்கோள் விண்ணில் ஏறியது ஜூலை 10-இல். இருபத்து மூன்று நாள் தாமதம்.

1966 இங்கிலாந்துக்கு வருகையில் எல்லாம் கூடிவந்திருந்தது. செயற்கைக்கோள் இருந்தது, காந்த நாடா இருந்தது, நடந்ததை உடனே மறுபடி காட்டும் வசதி இருந்தது. ஜூலை 30 இறுதியாட்டத்தை பிரிட்டனில் மட்டும் 3 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தனர். 101-ஆம் நிமிடத்தில் ஜெஃப் ஹர்ஸ்ட் அடித்த பந்து மேற்சட்டத்தின் அடியில் மோதிச் செங்குத்தாகக் கீழே விழுந்து வெளியே எழும்பியது. கோட்டுக்குள்ளா வெளியிலா? சுவிஸ் நடுவர் டீன்ஸ்ட் தயங்கி, கோட்டு நடுவரான அஜர்பைஜானியர் தோஃபிக் பஹ்ராமோவிடம் சென்றார். பஹ்ராமோவ் தலையசைத்தார். கோல்.

இம்முறை காட்சி எஞ்சியது. பல கோணங்களில் எஞ்சியது. அபிதின் தினோவும் ராஸ் டெவனிஷும் இயக்கிய 'கோல்!' என்ற வண்ண ஆவணப்படத்திலும் அது உண்டு. தினோ துருக்கிய ஓவியர், கவிஞர் நாஸிம் ஹிக்மத்தின் நண்பர். அப்படத்துக்கு உரை எழுதியவர் நாவலாசிரியர் பிரையன் கிளான்வில். இவ்வளவு கண்கள் பார்த்தும் வழக்கு முடியவில்லை. 1990-களின் நடுவில் ஆக்ஸ்ஃபோர்டு பொறியியல் ஆய்வாளர்கள் இருவர் படங்களைக் கணினியில் அளந்து, பந்து முழுவதுமாகக் கோட்டைத் தாண்டவில்லை என்று முடிவுரைத்தார்கள். ஜெர்மன் மொழியில் சட்டத்தில் பட்டுக் கோட்டருகே விழும் பந்துக்கு 'வெம்ப்லி கோல்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. பாகூவில் பஹ்ராமோவின் பெயரில் ஓர் அரங்கும் அவருக்கொரு சிலையும் உள்ளன. பெர்னில் காட்சி இல்லாததால் ஐயம் நின்றது என்றால் வெம்ப்லியில் காட்சி இருந்ததாலேயே ஐயம் வளர்ந்தது. மறுபடி மறுபடி பார்க்க முடிந்தவர்கள் மறுபடி மறுபடி வாதிட்டார்கள்.

1970 மெக்சிகோ. உலகக் கோப்பை முதன்முறையாக வண்ணத்தில் நேரடியாகக் கண்டம் கடந்தது. ஆனால் உலகின் பெரும்பாலான பெட்டிகள் கறுப்பு வெள்ளையே. ஆகையால் அடிடாஸ் நிறுவனம் செய்த பந்தில் இருபது வெள்ளை அறுகோணங்களும் பன்னிரண்டு கறுப்பு ஐங்கோணங்களும் இருந்தன. சாம்பல்நிறத் திரையில் பந்து எங்கே உருள்கிறது என்று தெரிய வேண்டுமல்லவா? அதற்கு வைத்த பெயர் டெல்ஸ்டார். இன்று குழந்தையிடம் கால்பந்து வரையச் சொன்னால் அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களைத்தான் வரையும். திரைக்காகப் பிறந்த உருவம் அது என்று நினைப்பார் இல்லை. மஞ்சள், சிவப்பு அட்டைகளும் அந்தப் போட்டியில்தான் அறிமுகமாயின. சான்டியாகோ அடிதடிக்கு நடுவராக இருந்து அல்லற்பட்ட கென் ஆஸ்டன், சாலை விளக்குகளைப் பார்த்து அந்த யோசனையைப் பெற்றவர். சிவப்பு அட்டை அவ்வாண்டு ஒருமுறையும் வெளிவரவில்லை.

பந்தோடு பொழுதும் மாறியது. ஐரோப்பாவில் மாலை வேளையில் ஆட்டம் தெரிய வேண்டுமென்பதால் ஜூன் மாதத்து மெக்சிகோ வெயிலில், நண்பகல் 12 மணிக்கு ஆட்டங்களைத் தொடங்கினார்கள். குவாதலஹாராவில் இங்கிலாந்தும் பிரேசிலும் மோதியது அப்படியொரு நண்பகலில்தான். 1938-இல் அரங்கின் ஓரத்தில் அனுமதி கேட்டு நின்ற காமிரா, முப்பத்திரண்டே ஆண்டுகளில் எப்போது ஆடுவது என்று சொல்லும் இடத்துக்கு வந்திருந்தது. இதை வளர்ச்சி என்று மட்டும் எழுதிச்செல்ல நமக்கு மனம் வரவில்லை. ஓடியவர்கள் அந்த வெயிலில் ஓடினார்கள். 1986-இல் போட்டி மறுபடி மெக்சிகோவுக்கு வந்தபோதும் அதே நண்பகல். நமக்கு அது இரவு பதினொன்றரை மணி. மரடோனாவைக் காணத் தூர்தர்ஷன் முன் கண்விழித்திருந்த நம் மூத்த தலைமுறைக்கு, அங்கே உச்சிவெயில் என்பது உறைத்திருக்க வாய்ப்பில்லை.

1970 ஜூன் 21 இறுதியாட்டமும் நண்பகலில்தான் தொடங்கியது. பிரேசில் இத்தாலியை 4-1 என்று வென்றது. பிரேசில் மக்கள் தம் அணியின் உலகக் கோப்பை ஆட்டங்களை நேரடியாகக் கண்டது அவ்வாண்டே முதன்முறை. அவர்களுள் பெரும்பாலோர் கண்டது கறுப்பு வெள்ளையில். அந்நாட்டில் வண்ண ஒளிபரப்பு 1972-இல் வந்தது. அந்த ஆட்டத்தின் பதிவு முழுமையாக, வண்ணத்தில், இன்றும் இருக்கிறது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில் குளோடோவால்டோ இத்தாலியர் நால்வரை ஏய்த்துப் பந்தைக் கடத்துகிறார். ரிவெலினோ, ஜைர்சின்யோ, பெலே என்று அது கைமாறுகிறது. பெலே அவசரமின்றி வலப்புறம் உருட்டிவிடுகிறார். அங்கே இன்னும் யாரும் இல்லை. ஒரு கணம் கழித்துக் கார்லோஸ் அல்பெர்டோ திரைக்குள் ஓடிவருகிறார்.